சித்தப்பாவின் பங்கு

நஷ்டஈட்டுப் பணம் வங்கியில் ஏறிய சேதி ஜெபசுதாவின் கைப்பேசிக்கு வந்ததும் வராததுமாக, வக்கீல் கிருபாகரன் மக்ரூன் இனிப்புப் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றார். வழக்கு நடந்த மூன்று வருஷத்தில் அவருக்குப் போன் போட்டால் எடுப்பதே அபூர்வம். இன்றைக்கோ காரை விட்டு இறங்கும்போதே "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு வந்தார்.

ஹாலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்த ஜெபசுதா கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. துறைமுகச் சாலையில் கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று, பின்னால் யார் வருகிறார்கள் என்று பாராமல் ரிவர்ஸ் எடுத்ததில் ஸ்கூட்டரோடு சேர்ந்து அந்தக் காலும் போயிற்று. அப்போது அவள் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தாள். காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குள் நாள் முழுக்க நடப்பவள்.

கணவன் பெவின் ஓடிப்போய் மின்விசிறியைப் போட்டான். நாற்காலியை இழுத்துத் துண்டால் துடைத்தான். சாகுபுரம் ரசாயன ஆலையில் அவனுக்கு ஸ்டோர் வேலை கிடைத்தது கிருபாகரனின் சிபாரிசில். அந்த நன்றிக்கு ஈடாக அவன் முதுகெலும்பையே எழுதிக் கொடுத்துவிட்டான் போல. வக்கீலைக் கண்டால் அவனுக்கு நிமிர்ந்து நிற்க வராது.

கிருபாகரன் ஜெபசுதாவின் அப்பாவுக்குச் சித்தப்பா மகன். நாசரேத்துக்காரர். தூத்துக்குடி கோர்ட்டில் முப்பது வருஷமாகக் கறுப்புக் கோட்டு. சபைக் காரியங்களை நடத்தும் சேகரக் கமிட்டியில் மெம்பர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைப் பை எடுப்பவரும் அவர்தான். வாரத்தில் ஆறு நாள் கட்சிக்காரர்களிடமும் ஏழாம் நாள் சபையாரிடமும் நீட்டி நீட்டி, அந்தக் கைக்கு மடக்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

"பாத்தியாளா மக்களே! சித்தப்பா சொன்னபடி பதினெட்டு லட்சம். இன்சூரன்ஸ்காரன் எட்டுக்கு மேல ஒத்தப் பைசா தரமாட்டேன்னு நின்னான். விட்டேனா?"

"ரொம்ப நன்றி சித்தப்பா."

"நன்றிய ஆண்டவருக்குச் சொல்லு. எனக்கு வழக்கம்போலப் பாதி, ஒம்பது. நீ பேங்குக்கு அலையவே வேண்டாம். ஆரம்பத்துல கையெழுத்துப் போட்டுத் தந்த செக்கு என்கிட்ட இருக்குல்லா? அதைத் திங்கக்கெழமை போட்டு எடுத்துக்கிடுதேன்."

ஆஸ்பத்திரிப் படுக்கையில் மயக்க மருந்தின் கிறக்கம் தெளியாமல் கிடந்தபோது, கேஸ் கட்டுக்கு வேண்டும் என்று சொல்லி, தேதியும் தொகையும் எழுதாத செக்கில் அவர் கையெழுத்து வாங்கியது ஜெபசுதாவுக்கு ஞாபகத்துக்கு வந்தது. காலை வெட்டி எடுத்த டாக்டராவது கையெழுத்து வாங்கும்போது எதற்கு என்று சொல்லிவிட்டு வாங்கினார்.

"பாதியா சித்தப்பா?"

"எல்லாருக்கும் அதான் மக்களே. அந்நியர்னா செலவும் தனி. நீ நம்ம பிள்ளை, அதுனால செலவும் இதுக்குள்ளயே வச்சிட்டேன்."

இதற்கு அவள் கும்பிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் மாதிரி அவர் சாய்ந்து உட்கார்ந்தார். பெவின் கிட்டத்தட்டக் கும்பிட்டேவிட்டான்.

அந்தப் பணத்துக்கு ஜெபசுதா ஏற்கெனவே ஒரு உருவம் கொடுத்து வைத்திருந்தாள். அது ஒரு கால். விபத்து நடந்த வருஷமே ஆஸ்பத்திரியில் ஒரு சாதாரணச் செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழக்கினார்கள். நன்றாகவே நடந்தாள். ஆபீசிலும் மேஜை வேலை தருகிறோம், வா என்றார்கள். கிருபாகரன் கேள்விப்பட்டு அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அறிவிருக்காளா ஒனக்கு? நீ நடக்கத எவனாவது போட்டோ எடுத்துக் கோர்ட்ல காட்டினா பாதி காசு போச்சு. கேஸ் முடியுத வரைக்கும் அசையாத. சர்ச்சுக்கும் சக்கர நாற்காலியிலயே வா, நாலு பேரு பாக்கட்டும்."

கால் பீரோவுக்குப் போயிற்று. ஜெபசுதா நாற்காலிக்குப் போனாள். சட்டத்துக்கு அவள் கால் இல்லாதவளாக இருந்தால் மட்டும் போதாது, கையாலாகாதவளாகவும் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதை அவள் நம்பினாள். ஞாயிறுதோறும் சபையின் முன் வரிசை ஓரத்தில் நாற்காலியைத் தள்ளி நிறுத்துவார்கள். ஜெபக் குறிப்பில் அவள் பெயர் மழைக்கும் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும் நடுவில் வரும். மூன்று வருஷத்தில் தொடையும் வெட்டியது போக மிஞ்சிய காலும் சூம்பி, பீரோவிலிருந்த கால் சேராமலே போய்விட்டது. இப்போது நல்ல கால் ஒன்று வாங்கி, மறுபடி பழகி, வேலைக்குப் போக வேண்டும். காலும் அதன் பராமரிப்பும், சிகிச்சைக்கு வாங்கிய கடனும் போக என்ன மிஞ்சும் என்று இரவெல்லாம் போட்ட கணக்கில் சித்தப்பாவுக்கும் ஒரு தொகை இருக்கத்தான் செய்தது. பாதி இல்லை.

"சித்தப்பா, ஒங்க உழைப்புக்கு ஒரு லட்சம் தாரேன். செலவுக்குப் பில்லு காட்டுங்க, அதையும் தாரேன். வாங்கினதுக்கு ரசீது எழுதிக் குடுங்க."

கிருபாகரனின் முகத்திலிருந்த ஸ்தோத்திரம் அப்படியே வடிந்துவிட்டது.

"ரசீதா? சொந்தச் சித்தப்பன்கிட்டயா?"

"சொந்தம்னா பாதி கேக்கலாமா சித்தப்பா?"

"ஜெபா, சும்மா இரு," என்றான் பெவின். "மாமா இல்லேன்னா நமக்கு எட்டு லட்சமாவது கெடச்சிருக்குமா?"

"எட்டு கெடச்சிருந்தா எட்டும் நமக்கு இருந்திருக்கும். இப்ப ஒம்பதுதான் மிச்சம். மூணு வருஷம் நான் எந்திரிக்காம உக்காந்தது ஒரு லட்சம் கூடுதலுக்கா?" அவள் வக்கீல் பக்கம் திரும்பினாள். "ரசீது இல்லாம செக்கைப் போட்டீங்கன்னா நான் பார் கவுன்சிலுக்கு எழுதுவேன் சித்தப்பா. தீர்ப்புத் தொகையில வக்கீல் பங்கு கேக்கப்படாதுன்னு எனக்கும் தெரியும்."

வக்கீல்கள் மேல் புகார் சொல்ல அப்படி ஓர் இடம் இருக்கிறது என்பது கட்சிக்காரர்களுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் கிருபாகரன் மாதிரி ஆட்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அவர் எழுந்து கோபமாக வெளியே போனார். மக்ரூன் பெட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் குருவானவர் வீடான குருமனைக்கு வரச் சொல்லி அன்றைக்கே கமிட்டியிலிருந்து ஆள் வந்தது. பெவின் ராத்திரியெல்லாம் அழுகிற பிள்ளையைத் தேற்றுவது மாதிரி அவளைத் தேற்றிப் பார்த்தான். சபையில் பேர் கெட்டுவிடும் என்றான். நாளைக்கு ஒரு கல்யாணம், ஒரு சாவு என்றால் யார் வருவார்கள் என்றான். தன் வேலை போய்விடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவன் நெற்றியிலேயே எழுதியிருந்தது.

குருமனையின் பெரிய அறையில் ஆண்களாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சேகர குரு ஜேசுபாதம். சபையார் குருவானவரை ஐயர் என்றே அழைப்பார்கள். பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஜாபேஸ், கமிட்டிச் செயலர். அடுத்த மாதம் வரப்போகிற அசனப் பண்டிகைக்கு, அதாவது சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அந்தப் பெரிய விருந்துக்கு, எத்தனை ஆடு என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள், ஜெபசுதா ஊன்றுகோல்களோடு உள்ளே வந்ததும் முகத்தைத் துக்க வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள்.

"உக்காரும்மா," என்றார் ஐயர். "ஒரு சபைக்குள்ள, ஒரு குடும்பத்துக்குள்ள, புகார் கிகார்னு போறது நல்லதில்ல. விசுவாசி மேல விசுவாசி வழக்குக்குப் போகலாமா? வேதம் ஒத்துக்கிடுமா?"

"அதுவும் புறமதத்தார் முன்னால," என்றார் ஜாபேஸ் சார். "நாலு பேரு நம்ம சபையப் பத்தி என்ன பேசுவான்?"

கிருபாகரன் தலையைக் குனிந்துகொண்டு, மனம் புண்பட்டவராக உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் கோர்ட்டுச் சோறு தின்று, கோர்ட்டுக் காசில் மாடி கட்டி, கோர்ட்டுக் காசில் மகளை மெடிக்கல் படிக்க வைத்தவருக்கு, வழக்கு என்பது பாவம் என்று அந்தச் சனிக்கிழமை சாயங்காலம்தான் வெளிப்பட்டிருந்தது. அதை வேடிக்கை என்று நினைக்க அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நான் வழக்குக்குப் போகலையே ஐயரே. ரசீதுதான கேக்குதேன்," என்றாள் ஜெபசுதா.

"ரசீது கேக்கதே சந்தேகப்படுதது மாதிரிதானம்மா," என்றார் ஜாபேஸ் சார். இருபத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் ரசீது இல்லாமல் ஒரு சாக்குக்கட்டி வாங்காத மனிதர்.

பிறகு அவர் கமிட்டியின் சமாதானத்தைச் சொன்னார். கிருபாகரன் பெரிய மனது பண்ணி ஒன்பதில் ஒன்றைக் குறைத்துக்கொள்வார். எட்டு எடுத்தால் போதும். குறைத்த அந்த ஒரு லட்சம் அசனப் பண்டிகை நிதிக்குப் போய்விடும், ஜெபசுதா குடும்பத்தின் ஸ்தோத்திரக் காணிக்கையாக.

"அப்ப என் கையை விட்டுப் போறது ஒம்பதுதான சார்?"

ஜாபேஸ் சார் கணக்கு வாத்தியார்தான். இருந்தும் அந்தக் கேள்விக்குத் தலையைத் தூக்கி உத்தரத்தைப் பார்த்தார்.

அதுவரை வாய் திறக்காதிருந்த கிருபாகரன் மெதுவாக, எல்லாருக்கும் கேட்கும்படி ரகசியம் பேசினார். "மக்களே, நீ புகார் எழுதினா நான் பதில் எழுதணும்லா? வீட்டுக்குள்ள நீ செயற்கைக் கால் போட்டு நடந்ததையும் எழுதவேண்டி வரும். இன்சூரன்ஸ்காரன் அப்பீலுக்குப் போனான்னா மொத்தமும் போயிரும். ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

உட்காரவைத்ததும் இவர். உட்கார்ந்திருந்ததற்குத் தண்டனை வாங்கித் தருவேன் என்பதும் இவர்.

"எழுதுங்க சித்தப்பா," என்றாள். "நடக்காதன்னு சொன்னது யாருங்கிறதையும் சேத்து எழுதுங்க. கால் இல்லங்கிறது அப்பவும் மாறப்போறதில்ல. வேணும்னா ஜட்ஜைக் கூட்டிட்டு வாங்க, தொட்டுப் பாக்கட்டும்."

அறையில் யாரோ கனைத்தார்கள். பேச்சு கைமீறுகிற இடங்களில் ஐயருக்கு ஒரு வழி உண்டு. "நாம கொஞ்ச நேரம் ஜெபிப்போம்," என்று கண்ணை மூடினார். எல்லாரும் மூடினார்கள். முதலில் மூடியவர் கிருபாகரன்.

பொறுமையுள்ள மனசும் மன்னிக்கிற சிந்தையும் இந்தச் சகோதரிக்குத் தர வேண்டும் என்று ஐயர் நெடுக ஜெபித்தார். சகோதரருக்கு என்ன தர வேண்டும் என்று ஒரு வார்த்தை வரவில்லை. அவருக்குத்தான் பாதி ஏற்கெனவே தந்தாகிவிட்டதே. ஜெபசுதா ஊன்றுகோல்களை எடுத்து எழுந்தாள். சிமெண்டுத் தரையில் டக் டக்கென்று சத்தம் வாசலை நோக்கிப் போவது எல்லாருக்கும் கேட்டது. ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறக்க ஒருவருக்கும் தைரியமில்லை. ஐயர் குரலை உயர்த்தி, கொஞ்சம் வேகமாகவே ஆமென் சொல்லி முடித்தார்.

திங்கட்கிழமை வங்கி திறக்கும்போதே அவள் படியில் நின்றாள். பெவின் வரவில்லை, சாகுபுரம் பஸ்ஸைப் பிடிக்க விடியும் முன்பே கிளம்பிப் போய்விட்டான். வங்கி அதிகாரி இந்துமதி அவள் எழுதிக்கொடுத்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"செக்கை நிறுத்தினா அவரு ஒங்க மேல கேஸ் போடலாம்க்கா. வக்கீல் வேற."

"போடட்டும்மா. அவருக்கு ஒரு லட்சம் என் கணக்குலருந்து அனுப்பணும். எதுக்குன்னு கேட்டா வக்கீல் ஃபீஸ்னு போடு."

அந்த ஒரு லட்சம் போன சூட்டோடு, திருநெல்வேலியில் கால் செய்கிற இடத்துக்கு முன்பணமும் போயிற்று. சூம்பிய காலை மறுபடி பழக்க வேண்டும், கஷ்டமாக இருக்கும் என்று சொன்னார்கள். கஷ்டமாகத்தான் இருந்தது. முதல் வாரம் வலியில் அவள் அழுதாள். எல்லா அழுகையும் வலிக்கு இல்லை. வீணாக உட்கார்ந்திருந்த வருஷங்களை நினைத்தும் அழுதாள். "நான் ஏன் அப்ப அவரு பேச்சைக் கேட்டேன்?" என்று ஒருநாள் பெவினிடம் கத்தினாள். அவன் தைல பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அவள் அனுப்பிய ஒரு லட்சத்தைக் கிருபாகரன் திருப்பி அனுப்பவில்லை. ரசீதும் அனுப்பவில்லை. அவர் அனுப்பியது வேறு. அசனப் பண்டிகைக்கு முந்தின நாள் பதிவுத் தபாலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஒன்பது லட்சத்துக்கான செக் பணமாகாமல் திரும்பிவிட்டது. குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் கிரிமினல் கோர்ட்டில் வழக்கு. கடன் பட்டவள் ஜெபசுதா. கடன் கொடுத்தவர் கிருபாகரன்.

பெவின் அதைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஜெயிலுக்கெல்லாம் போகணுமாமே ஜெபா!"

அவள் வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அவனை நோட்டீசைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

பண்டிகையன்று சக்கர நாற்காலி வீட்டிலேயே கிடந்தது. ஜெபசுதா சேலைக்குக் கீழே புதுக் காலைப் போட்டு, ஒரு கைத்தடியை ஊன்றி, கோயில் வளாகத்துக்குள் நடந்து வந்தாள். மெல்லத்தான் நடந்தாள், ஆனால் நடந்தாள். "ஏ, ஜெபசுதா நடக்காளே!" என்று பந்தலில் ஒரு பெண் கூவினாள். கோயிலுக்குள், முன் வரிசை ஓரத்தில் உட்கார்ந்து ஊராரின் உச்சுக்கொட்டல்களை வாங்கிப் பழகிய அந்த இடத்தை அவள் கடந்து போனாள். சிலருக்கு உண்மையாகவே சந்தோஷம். சிலருக்கு, மூன்று வருஷம் ஜெபித்த ஜெபத்தை யாரோ பிடுங்கிக்கொண்டது போல ஒரு மனக்குறை.

ஆராதனை முடிந்து கோயில் படியில் ஐயர் நின்றிருந்தார். அவள் நோட்டீசை நீட்டினாள். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். முகம் கொஞ்சம் வாடியது.

"ஐயரே, விசுவாசி மேல விசுவாசி வழக்குக்குப் போகப்படாதுன்னு சொன்னீங்க. இப்ப எப்பக் கமிட்டி கூட்டுதீங்க?"

ஐயர் நோட்டீசை மடித்து, அது சுடுகிற மாதிரி அவசரமாக அவளிடமே கொடுத்தார். "அது... அது அவரு தொழிலும்மா."

"அப்ப அந்த வசனம் கால் இல்லாதவங்களுக்கு மட்டும்தானா ஐயரே?"

அவருக்கு யாரோ கூப்பிட்டது போல் கேட்டது. உள்ளே போய்விட்டார்.

பந்தலில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் அரிசி முழுவதும் வக்கீல் கிருபாகரன் உபயம் என்று ஒலிபெருக்கியில் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அகப்பையோடு நின்று தாமே பரிமாறினார். பக்கத்தில் சாம்பார் வாளியோடு, வேறு யார்? பெவின்தான். ஜெபசுதா தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்தாள்.

அவளையும் அவள் காலையும் பார்த்து கிருபாகரன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "நடக்க ஆரம்பிச்சிட்டியாக்கும். இன்சூரன்ஸ்காரன் கண்ணுல பட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"படட்டும் சித்தப்பா. எனக்குக் கால் முளைச்சிட்டுன்னு அப்பீல் போடட்டும்." அவள் குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "ஒங்க நோட்டீஸ் வந்துட்டு. அதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

"சோத்து முன்னால இதெல்லாம் பேசப்படாது."

"ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குடுங்கன்னு கெஞ்சினேன். மாட்டேன்னுட்டீங்க. இனி நீங்களே கூண்டுல ஏறி, சத்தியம் பண்ணி, நான் எந்தக் கடனுக்கு ஒங்களுக்கு ஒம்பது லட்சம் தரணும்னு ஜட்ஜுக்குச் சொல்லணும்லா? கட்சிக்காரி காலுல பாதி எனக்குப் பங்குன்னு சொல்லுவீங்களா? சொல்லுங்க, கேக்கணும். நான் வக்கீல் வைக்கப் போறதில்ல சித்தப்பா. நானே எந்திரிச்சு நின்னு ஒங்களக் கேள்வி கேக்கப் போறேன்."

கிருபாகரனின் அகப்பை சோற்றுக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. கோர்ட்டில் எத்தனையோ சாட்சிகளைத் திணறவைத்தவர். தானே அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று முதல் தடவையாக யோசிக்கிறார் என்பது அவர் கழுத்து வியர்வையில் தெரிந்தது. பெவின் சாம்பார் வாளியோடு மனைவி பக்கம் ஓர் அடியும் மாமா பக்கம் ஓர் அடியும் வைத்துவிட்டு நடுவிலேயே நின்றான்.

"அண்ணாச்சி, சோத்தப் போடுங்க, வரிசை நிக்கு," என்றார் பின்னாலிருந்த ஒருவர்.

கிருபாகரன் போட்டார். ஜெபசுதா தட்டை வாங்கிக்கொண்டு பந்திக்கு நடந்து போய், இடம் பார்த்து உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டாள்.